கடைசி வரி மட்டும் படிப்பவன்

டிசம்பர் 2, திங்கள்

G2க்குப் புதுக் குடித்தனம் வந்திருக்கிறது. காலை எட்டு மணிக்கு மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் முன்கேட்டில் நுழைந்தாள். நாற்பது வயது இருக்கலாம். காலில் சேறு அப்பிய பூட்ஸ். எதிர்மனையில்தான் கட்டட வேலை நடக்கிறதே. "ஏம்மா, தண்ணி புடிக்கணும்னா சித்தாளுங்களுக்குப் பின்பக்க கேட்டு" என்றேன்.

நின்று என்னைப் பார்த்தாள். "நான் G2க்குக் குடிவந்திருக்கேன் சார். பேரு செலின்" என்றாள். அவளுக்குப் பின்னால் பீரோ ஏற்றிய குட்டி யானை வண்டி நின்றுகொண்டிருந்தது.

என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். தேவகியிடம் சொன்னேன். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் இந்த "ம்"முக்கு மட்டும் எனக்கு அர்த்தம் பிடிபடவே இல்லை.

ஆள் பார்த்துச் சொல்வதில் நான் தவறுகிறவன் இல்லை. முப்பத்து நான்கு வருடம் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில் தபாலில், கடிதம் பிரிக்கிற சார்ட்டராக இருந்தேன். ஓடுகிற ரயில் பெட்டியில் நின்றபடி, உறையின் கடைசி வரியை ஒரு பார்வை பார்த்து, எதிரே உள்ள மர மாடங்களில் சரியான மாடத்தில் எறிய வேண்டும். நிமிடத்துக்கு நாற்பது. பெயரையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் பிரித்து முடிப்பதற்குள் விழுப்புரம் வந்துவிடும். பெயர் என்பது தபால்காரர் பாடு. மனிதர்களுக்கும் எனக்கு அந்த ஒரு பார்வை போதும். இந்த மலர்விழி அப்பார்ட்மென்டில் பன்னிரண்டு வீடு. செயலாளர் என்கிற முறையில் பன்னிரண்டையும் அவரவர் குடிவந்த அன்றே கண்டுகொண்டேன். 1A நகப்பாலிஷ். 2B சீரியல். 3A, தலைவர் ஜனார்த்தனம், வாய்ப்பந்தல்.

G2: காசிமேடு. அந்தப் பார்வையும் பேச்சும் வேறெந்த ஊராக இருக்க முடியும்?

டிசம்பர் 3, செவ்வாய்

கீழ்த்தளத்தில் நான் ஆசாரியை வைத்துச் செய்த தபால் மாடம் சரியில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொந்து, வருகிற தபாலை நானே பிரித்துப் போடுகிறேன். இன்று மூன்று கடிதம் பொந்தில் விழாமல் கீழே விழுந்தது. ஆசாரி அளவைக் குறைத்துவிட்டான்.

தேவகி காபியை அரை தம்ளர்தான் தருகிறாள். பால் விலை ஏறினால் என் தம்ளரிலா கைவைப்பது? கேட்டதற்கு "இன்னொரு தடவ குடிங்களேன், யார் வேணாம்னா" என்கிறாள்.

டிசம்பர் 5, வியாழன்

துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனவன் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். மேடவாக்கம் ரோட்டில் மெட்ரோ ரயிலுக்குத் தூண் கட்டுகிறார்கள். அங்கே ஒரு பெரிய கிரேன். லாரி நீளத்துக்கு ஒரு கான்கிரீட் உத்தரத்தைத் தூக்கி, தூண் தலையில் பூ வைப்பதுபோல் வைத்தான். துளி ஆட்டம் இல்லை. அந்தக் கிரேன்காரனின் கையைக் கும்பிட வேண்டும். யாரோ மிலிட்டரியில் இருந்த ஆளாகத்தான் இருப்பான்.

டிசம்பர் 7, சனி

கேரம் போட்டி அறிவிப்பு வந்துவிட்டது. எங்கள் குடியிருப்பு நகரில் ஏழு அப்பார்ட்மென்ட், வருடா வருடம் காணும் பொங்கலன்று டபுள்ஸ். ஒன்பது வருடமாகக் கோப்பை கோல்டன் நெஸ்ட்காரர்களிடம் இருக்கிறது. அதைத் தங்கள் லிஃப்ட் எதிரிலேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், போகிறவன் வருகிறவனெல்லாம் பார்க்கட்டும் என்று. நான் 1991இல் ஆர்.எம்.எஸ். கோட்ட சாம்பியன். நான் இருக்கும்போதே ஒன்பது வருடம் போய்விட்டது. இந்த வருடம் விடுவதாக இல்லை.

புது விதி ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். அணிக்கு ஓர் ஆண், ஒரு பெண்.

ஜனார்த்தனத்தோடு சும்மா ஆடிப் பார்த்தேன். பாக்கெட் வாயில் நின்ற காயை விட்டுவிட்டேன். போர்டு ஈரம் குடித்திருக்கிறது.

டிசம்பர் 9, திங்கள்

போரிக் பவுடர் மாற்றியாயிற்று. போர்டையும் மாற்ற வேண்டும்.

டிசம்பர் 14, சனி

பெண் ஜோடி கிடைக்கவில்லை. 1A, நகம் வளர்த்த பெண், அது எப்படி ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்? 2B சீரியலை விட்டு எழுந்து வரமாட்டாள். 3C சாமியறையே கதி. யாரையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. தேவகியை மட்டும் கேட்டேன். "எதிர்ல உக்காந்து உங்ககிட்ட திட்டு வாங்கறதுக்கா? இங்கயே வாங்கிக்கறேன்" என்றாள்.

சாயங்காலம் கூட்டத்தில் ஜனார்த்தனம் ஒரே போடாகப் போட்டார். "யோவ் தணிகாசலம், G2 இருக்கும்போது என்னய்யா கவலை? நார்த் மெட்ராஸ்! அங்கல்லாம் கொழந்தை பொறக்கும்போதே கையில ஸ்ட்ரைக்கரோட பொறக்கும்." எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

G2 கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். "காசிமேட்டுல நீ ஆடாத ஆட்டமா" என்று முடித்தேன்.

"காசிமேடு இல்ல சார், ராயபுரம்" என்றாள். பிறகு சிரித்தாள். "எங்க தெருவுல முக்குக்கு முக்கு போர்டு இருந்துச்சு. சுத்தி ஆம்பளைங்க நிப்பாங்க. எட்டிப் பாத்தாலே எங்கம்மா சடையப் புடிச்சு இட்டுனு போயிரும். நான் ஸ்ட்ரைக்கரத் தொட்டதே இல்ல."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். "சார். ஆசை மட்டும் நெறைய இருந்துச்சு. ஒரு மாசம் இருக்குல்ல? சொல்லிக் குடுங்களேன்."

வேறு வழியும் இல்லை. தினமும் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 18, புதன்

கட், அதாவது காயைப் பக்கவாட்டில் வெட்டி அடிப்பது, வரவில்லை. ரீபவுண்ட் சுத்தமாகத் தெரியவில்லை. ஆனால் நேர்க்கோட்டில் இருக்கிற காயென்றால், பத்துக்குப் பத்து. விரல் வைத்தால் வைத்த இடத்தில் கல் மாதிரி நிற்கிறது. மண் சுமக்கிற கைக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், உங்க கை…" என்று ஆரம்பித்தாள். "மார்கழிக் குளிர்" என்றேன்.

டிசம்பர் 20, வெள்ளி

இன்றும் ஒரு கடிதம் பொந்தைத் தப்பி மாடத்துக்குப் பின்னால் விழுந்தது. குனிந்து எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்ததால் மேலிருந்து கீழ்வரை முழுசாகப் படித்தேன். என் சர்வீஸில் எத்தனை கடிதத்தை அப்படி முழுசாகப் படித்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

திருமதி எம். செலின், டவர் கிரேன் ஆபரேட்டர், முதல் நிலை. G2, மலர்விழி.

ஏதோ பயிற்சி நிலையத்திலிருந்து, புதியவர்களுக்கு வகுப்பெடுக்க வரும்படி அழைத்து. உறையின் மேலேயே எழுதியிருந்தது. பொந்தில் கைவிட்டுப் பார்த்தால், அவர் இன்னும் எடுக்காத இரண்டு கடிதத்திலும் அதே முகவரி, அதே ஆபரேட்டர். நானே போட்டவை. G2 என்பதைத் தவிர ஒரு எழுத்தும் என் கண்ணில் படவில்லை.

மொட்டைமாடிக்குப் போனேன். கிரேன் நின்றிருந்தது. உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் மஞ்சளாக ஒரு புள்ளி.

மிலிட்டரிக்காரன் என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு உங்களைப் பின்பக்க கேட்டுல போகச் சொன்னேன். தப்பும்மா."

செலின் போர்டில் பவுடரைத் தூவிக்கொண்டே சொன்னார். "ஞாபகம் இருக்கு சார். அன்னிக்கு நைட்டு சோறு எறங்கல. பரவால்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்களா சொன்னது நல்லாருக்கு." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நானும் உங்கள ஒண்ணு நினைச்சிருந்தேன். காலைல கேட்டாண்ட லெட்டரோட நிப்பீங்களா, வாட்ச்மேன்னு நினைச்சிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் செகரட்டரின்னு தெரிஞ்சுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வாட்ச்மேனா? நானா? அப்புறம், வாட்ச்மேன் என்றால் எனக்கு ஏன் சுருக்கென்கிறது என்று தோன்றியது. தேவகியிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

போட்டியிலிருந்து விலகுகிறேன். ஜனார்த்தனத்திடம் நாளை சொல்லிவிடுவேன்.

ஆடிக்கொண்டிருக்கும்போது செலின் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு, "எத்தினி மாசமா சார் இப்டி இருக்கு? டாக்டராண்ட காட்னீங்களா?" என்று கேட்டார். குளிர் என்றேன். "ஃபேன் ஓடுது சார்" என்றார். கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டாம்.

என் பயம் அவருக்கு எங்கே தெரியும்? ஒருமுறை நம் மேல் சீட்டு ஒட்டிவிட்டால் போயிற்று. அப்புறம் அந்தச் சீட்டைத்தான் பார்ப்பார்கள். எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒட்டியவன் நான்.

கோதண்டம் என்று ஒரு சார்ட்டர், என் செட்டில், அதாவது ஒரே பெட்டியில் சேர்ந்து போகிற குழுவில். எண்பத்தேழிலோ எட்டிலோ கை உதற ஆரம்பித்தது. கடிதம் மாடம் மாறி விழுந்தது. குடிக்கிறான் என்றோம். எங்கள் செட்டே புகார் எழுதிக் கொடுத்தது. மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அவனைப் பை தூக்குகிற வேலைக்கு மாற்றினார்கள். ஒரு வார்த்தை பேசாமல் தூக்கினான். பல வருடம் கழித்து அவன் மனைவியை எழும்பூரில் பார்த்தேன். "அவரு ஒரு நாள் கூடத் தொட்டதில்லீங்க. நரம்பு வியாதி" என்றார்.

இதை நான் தேவகியிடம்கூடச் சொன்னதில்லை.

டிசம்பர் 30, திங்கள்

ஜனார்த்தனத்திடம் சொல்ல முடியவில்லை. அவர் வாயைத் திறந்தால் நமக்கு இடம் கிடைப்பதில்லை.

ஜனவரி 3, வெள்ளி

செலினுக்கு வார விடுப்பு. பதினோரு மணிக்கு வந்து, "மாடிக்கு வாங்க சார், ஒண்ணு காட்டணும்" என்றார். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். தேவகி செருப்பை எடுத்து என் காலடியில் வைத்துவிட்டாள்.

கிரேனில் வேறொரு ஆபரேட்டர் கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். காற்று பலமாக இருந்தது. கட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"பாத்தீங்களா? லோடு ஆடத்தான் செய்யும். நான் ஏத்தும்போதும் ஆடும், இங்க இருந்து பாக்கறதுக்குத்தான் தெரியாது. புதுசா வர்றவங்க இன்னா பண்ணுவாங்க, ஆட்டத்த நிறுத்தப் பாப்பாங்க. எதிர்ப் பக்கம் இழுப்பாங்க. இன்னும் ஜாஸ்தியாவும். கூடவே போவணும் சார். ஆட்டத்துக்கு ரெண்டு முனை இருக்கு. முனைக்குப் போனதும் ஒரு நொடி நிக்கும், திரும்பறதுக்கு முன்னாடி. அந்த நொடில எறக்கிரணும்."

அவர் என் கையைப் பார்க்கவில்லை. கிரேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் என் கையைப் பார்த்தேன். எட்டு மாதமாக அதை அமுக்கிப் பிடித்தே வந்திருக்கிறேன், பையில் விட்டு, முதுகுக்குப் பின் கட்டி, தொடைக்கடியில் வைத்து. அது எப்படி ஆடுகிறது என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அதற்கும் ஒரு தாளம் இருக்கிறது.

ஜனவரி 4, சனி

இருபது காயில் நான்கு.

ஜனவரி 8, புதன்

இருபதில் ஒன்பது. காத்திருக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு நாற்பது எறிந்தவனுக்கு அதுதான் கஷ்டம்.

இன்று 1A பெண் படியிறங்கும்போது நின்று பார்த்தாள். "காலேஜ்ல நான் யுனிவர்சிட்டி பிளேயர் அங்கிள். என்னை ஏன் கேக்கல?" என்றாள். நகத்தோடுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுத்த வருடம் கேட்கிறேன் என்றேன். இப்போது எங்களுக்கு எதிரே உட்கார்ந்து பயிற்சி கொடுக்கிறாள். பெயர் யாழினி. பேய் ஆட்டம் ஆடுகிறாள்.

ஜனவரி 12, ஞாயிறு

இருபதில் பதினான்கு. செலினுக்குக் கட் வந்துவிட்டது.

ஜனவரி 16, காணும் பொங்கல்

இதை முழுசாக எழுதாமல் தூங்கமாட்டேன். நகர் பூங்காவில் பந்தல். நூறு பேருக்குக் குறையாது. முதல் சுற்றிலும் அரையிறுதியிலும் செலின்தான் எங்களைத் தூக்கிக்கொண்டு போனார். நேர்க்கோட்டில் ஒரு காய் இருந்துவிட்டால் அது அவருடையது. நான் என் பங்குக்கு இரண்டு மூன்று போட்டேன். எதிர்பார்த்தபடியே இறுதியில் கோல்டன் நெஸ்ட். பாஸ்கரனும் அவர் மருமகளும்.

இறுதி ஆட்டத்தில் நான் முதல் ஸ்ட்ரைக்குக்குக் கையை வைத்தேன். எல்லார் கண்ணும் கைமேல். பந்தலின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "தாத்தா காலைலயே ஏத்திட்டாருடோய். கை உதறுது பாரு."

சிரித்தார்கள். நிறையப் பேர்.

எனக்குக் கோதண்டம்தான் நினைவுக்கு வந்தான். அவன் அன்று ஒரு வார்த்தையும் பேசாமல் பையைத் தூக்கினான். நான் எழுந்து நின்றேன். தேவகி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "குடிக்கல தம்பி. நடுக்கம். எட்டு மாசமா இருக்கு. இன்னும் டாக்டர்கிட்ட காட்டல, பயம். இப்ப போர்டப் பாருங்க."

உட்கார்ந்தேன். கை முன்னைவிட அதிகமாக ஆடியது. ஆடட்டும் என்று விட்டேன். அது ஒரு முனைக்குப் போய் நின்ற நொடியில் சுண்டினேன். இரண்டு வெள்ளை உள்ளே போயிற்று.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல வரவில்லை. பாஸ்கரன் சாதாரண ஆளில்லை. மாறி மாறி ஏறி, 21க்கு 21இல் வந்து நின்றோம். இருபத்தைந்தைத் தொட்டவருக்குக் கோப்பை. கடைசி போர்டில் எங்களுக்கு ஒரு வெள்ளை, அவர்களுக்கு ஒரு கறுப்பு, நடுவே ரெட். ரெட்டைப் போட்டு, அடுத்த அடியிலேயே தன் காயையும் போடுகிறவர் ஜெயிப்பார். பாஸ்கரனின் மருமகள் ரெட்டைக் குறிவைத்தாள். பாக்கெட் வாயில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது. என் முறை.

ரெட் சுலபம்தான். வாயில் நின்றதைத் தள்ளிவிட்டேன். வெள்ளைதான் சிக்கல். என் பக்கத்துச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்துதான் தொட முடியும்.

ஜோடிகள் பேசக்கூடாது. எதிரே செலின் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காயைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். உத்தரத்தை இறக்கும்போது இப்படித்தான் பார்ப்பாராக இருக்கும். நான் விரலை வைத்தேன். இடது, வலது. இடது, வலது. ஒருவன் இருமினான். காத்திருந்தேன். இடது. வலது.

நின்றது. விட்டேன்.

ஸ்ட்ரைக்கர் எதிரே போய் மோதித் திரும்பி வந்து வெள்ளையை ஒரு தட்டுத் தட்டியது. வெள்ளை சட்டத்தை உரசிக்கொண்டே மெதுவாக ஓடிப்போய்ப் பாக்கெட்டுக்குள் விழுந்தது.

அந்தச் சத்தத்தைக் காது இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. யாழினி நாற்காலிமேல் ஏறிக் குதித்தாள். சீரியல் என்று நான் எழுதிவைத்திருந்த 2B, பரிமளா, விசிலடித்தார். இரண்டு விரலை வாயில் வைத்து, அசல் விசில்! ஜனார்த்தனத்துக்கு வார்த்தையே வரவில்லை, அது தனி அதிசயம். பாஸ்கரன் என் கையைப் பிடித்து விடாமல் குலுக்கினார். ஆடுகிற கையை.

செலின் போர்டைச் சுற்றி வந்து, "எறக்கிட்டீங்க சார்" என்றார். இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது. கோப்பையை அவர் கையில் கொடுத்தேன். முன்கேட் வழியாக, மேளத்தோடு, அவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமாம், வாட்ச்மேன் மாதிரிதான். அதைவிட நல்ல வேலை என் ஆயுளில் பார்த்ததில்லை.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் கோதண்டத்தின் பழைய விலாசத்தைத் தேடி எடுத்தேன். அவன் இருக்கிறானா தெரியாது. மனைவி இருக்கலாம். ஒரு கடிதம் எழுதினேன். மேலே பெயரை முதலில் எழுதினேன், முழுப் பெயராக, இனிஷியலோடு. எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. தபாலில் சேர்த்தாயிற்று.

நாளை பத்தரைக்கு நரம்பு டாக்டர். செலின் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு கூட வருகிறேன் என்றார். வேண்டாம், உத்தரம் காத்திருக்கும் என்றேன். தேவகி வருகிறாள்.

அந்தக் காபி விஷயத்தையும் கேட்டுவிட்டேன். "பால் விலையா அது?"

"மே மாசத்துலேர்ந்து சிந்திக்கிட்டே இருந்தீங்க. சட்டையெல்லாம் கறை. நீங்களா சொல்லட்டும்னு பாத்தேன்" என்றாள். எட்டு மாதம் சிந்தாமல் அளந்து ஊற்றியிருக்கிறாள். நானோ பால் விலை என்று எழுதிவைத்திருக்கிறேன். அவளிடம் இந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டினேன். "ம்" என்றாள். இந்த முறை எனக்குப் புரிந்தது.

இன்று தம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். இந்தப் பக்கத்தின் கீழே இருக்கிற கறை அதுதான்.